வெறும் நீரில் அம்மோனியா

என் தங்கைக்குக் கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை. ரவையளவுகூட இல்லாத உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவாள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம் என்பாள். நுண்பாசியைத் தின்று அவை விடும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அதுதான் பாசிக்கு மறுபடியும் உரம். "கடலுக்கு எரு போடுறதே இதுங்கதாண்ணா" என்று ஆரம்பித்தால் தட்டில் இருப்பது ஆறிப்போகும். வீட்டில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

எவ்வளவு உரம் என்று அளக்கத்தான் பரிசோதனை. இருபத்து நான்கு பாட்டில்களில் கடல்நீர். பன்னிரண்டில் உயிர்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பன்னிரண்டில் வெறும் நீர். ஒரு நாள் கழித்துத் திறந்து அளக்க வேண்டும். இதுவரை செய்த இரண்டு முறையும் வெறும் நீரிலேயே அம்மோனியா எகிறியது. மூன்றாவது முறையும் இப்படியென்றால் ஆய்வை மூடிவிடலாம் என்று தலைமை விஞ்ஞானி சொல்லிவிட்டார். மூடினால் இவளுடைய தற்காலிக வேலையும் போச்சு.

எந்தப் பாட்டிலை எத்தனை மணிக்குத் திறந்தாள் என்று குறித்து வைப்பது அவள் வழக்கம். அன்று மாலை அந்த நோட்டை என் முன்னால் விரித்தாள். வெறும் நீரில், நாலு மணிக்கு முன் திறந்தவை சுத்தம்; பிறகு திறந்தவை மோசம். இரண்டு முறையும் அப்படியே.

நாலு மணிக்கு அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். வாயைத் திறந்தவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். திரவம் ஊற்றித் தரை துடைப்பார்களாம். அந்தத் திரவத்தில் மூக்கைத் துளைக்கும் வாடையே அம்மோனியாதான்! திறந்த பாட்டில் அதைக் காற்றிலிருந்து வாங்கியிருக்கிறது.

மறுநாள் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் போய், பரிசோதனை முடியும்வரை வெறும் தண்ணீரில் துடைக்கச் சொன்னாள்.

"தரை பளிச்சுன்னு இல்லன்னா என்னைத்தான் திட்டுவாங்க. உன் பூச்சியா வந்து பதில் சொல்லும்?"

"நான் சொல்றேன்க்கா. அது பூச்சி இல்ல, இறாலுக்குச் சொந்தம்."

"அப்ப சமைச்சாவது குடு" என்று அந்த அக்கா வாளியிலிருந்த திரவத்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் பிடித்தார்.

வியாழக்கிழமை இரவு போன். மூச்சு வாங்குகிறது அவளுக்கு. "வெறும் தண்ணியில ஒண்ணுமே இல்லண்ணா. பன்னெண்டுலயும் ஒண்ணுமே இல்ல!" ஒன்றும் இல்லாததற்கு இத்தனை கூத்தாடிய ஆளை நான் கண்டதில்லை. உயிர்கள் இருந்த பன்னிரண்டிலும், ஒன்று தப்பாமல், அம்மோனியா ஏறியிருந்தது.

தலைமை விஞ்ஞானி அளவுகளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்குப் படகில் எத்தனை பாட்டில் கடல்நீர் கொண்டுவரச் சொல்லட்டும் என்று மட்டும் கேட்டாராம். யோசிக்காமல் நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டாள். அத்தனையையும் எங்கே வைப்பது என்று இப்போது அலமாரியை அளந்துகொண்டிருக்கிறாள்.