ஒரு புதன்கிழமை தாமதம்

லோகேஸ்வரியின் வேலை நாய்களுக்கு மசாஜ் செய்வது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவளுடைய சொந்த அண்ணன் மோகனராஜே பினாங்கின் பத்து காவான் ஊரில் தன் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தவர்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சின்னச் சின்னச் சில்லுகளைப் பொறுக்கிப் பழகிய விரல்கள் அவளுடையவை. ஆள்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியபோது வயது ஐம்பது. கோலாலம்பூர் போய் மூன்று மாதம் இதைப் படித்துவிட்டு வந்தாள். கிழட்டு நாயின் இறுகிய இடுப்பு தன் கையில் இளகும்போது கிடைக்கிற நிறைவு, அந்தச் சில்லுகளில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஆனால் பேச ஆளில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். அங்கே நாய் வளர்க்கவும் அனுமதியில்லை. வேலைக்குப் போகும் வீடுகளிலோ கேட் தானாகத் திறக்கும், நாய் காத்திருக்கும், வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருந்தபடி கேமராவில் பார்ப்பார். முடிந்ததும் சுவரிலிருந்து ஒரு குரல், "ஓக்கே ஆன்ட்டி, தேங்க்யூ" என்னும். சில நாள் நாயிடம் தவிர வேறு யாரிடமும் அவள் வாய் திறந்திருக்க மாட்டாள்.

புதன்கிழமை மட்டும் வேறு. அன்று கிரீன் லேனில் முனுசாமி வீடு. சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் மெல்பர்னில். அவருடைய பதின்மூன்று வயது நாய் பிளாக்கிக்குப் பின்னங்காலில் மூட்டுவலி. கழுத்தில் தொடங்கி, முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களை மெல்ல ஓட்டிக்கொண்டு அவள் இடுப்புக்கு வருவதற்குள் மனிதர் பாதிப் பினாங்கின் கதையைப் பேசித் தீர்த்திருப்பார். பிறகு இருவருக்கும் பால் கலக்காத தே ஓ தேநீர், பிஸ்கட். அரை மணி நேர வேலைக்கு அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் புதன்கிழமை, தொடையின் உட்புறத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. பிளாக்கி திரும்பி அவள் கையை நக்கியது. புதுக் கட்டி இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை மசாஜ் கூடாது என்று வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கையை எடுத்துவிட்டாள். வாயைத்தான் திறக்கவில்லை. சொன்னால் நாளைக்கே டாக்டர், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் இந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு தே ஓவைக் குடித்தாள்.

ஏழு நாளும் மனசு அரித்தது. அடுத்த புதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அங்கிள், பிளாக்கி தொடையில கட்டி இருக்கு. இன்னிக்கே கிளினிக்குக் கொண்டு போங்க."

முனுசாமி குனிந்து தடவிப் பார்த்தார். கட்டி இருந்தது. மெல்ல நிமிர்ந்தார்.

"நீ இன்னும் தொட்டே பாக்கலயேம்மா. எப்படித் தெரியும்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "போன வாரமே தெரியும் அங்கிள். சொன்னா மசாஜ நிறுத்தச் சொல்லிருவாங்க. இங்க வர்ற ஒரு நாளுதான் நான் மனுஷங்ககூடப் பேசுறேன். அதான் சொல்லல. தப்புதான் லா."

அவர் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவரோ கார் சாவியை எடுத்து வந்து, பிளாக்கியைத் தூக்க முடியாமல் திணறினார். அவள் கைகொடுத்தாள். பின் சீட்டில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"எனக்கும் அந்த ஒரு நாளுதான்மா இருந்துச்சு. அதுக்காக இதோட வலிய நான் மறச்சிருக்க மாட்டேன்."

கார் போய்விட்டது. கேட்டை அவளே இழுத்துச் சாத்தினாள்.

பத்து நாள் கழித்துக் கைப்பேசியில் அவர் பேசி அனுப்பிய குரல்பதிவு வந்தது. கட்டியை எடுத்தாகிவிட்டதாம், பரவிய மாதிரி தெரியவில்லையாம், பிளாக்கி கஞ்சி குடிக்கிறதாம். நன்றிம்மா என்றார். எப்போது வரலாம் என்று சொல்லவில்லை. பதில் பேசி அனுப்ப லோகேஸ்வரி மூன்று முறை பதிவு செய்து, மூன்றையும் அழித்தாள். கடைசியில் 'சந்தோஷம் அங்கிள்' என்று எழுதி அனுப்பினாள். பிளாக்கி பிழைத்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்தான். அடுத்த புதன்கிழமை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, உடுத்தி, நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.