சித்தப்பா ஓடிய பக்கம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கொஞ்ச காலம் ஓர் இரும்புக் கம்பிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தோம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். துளசிக்கு ஒரு செம்பு, கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு குடம், கம்பிக்கு ஒரு வாளி என்று கணக்கு. முதல் இரண்டும் மறந்து போவது உண்டு. கம்பி மட்டும் மறக்காது, ஏனென்றால் அதற்கு ஊற்றுவது சித்தி. ஊற்றாவிட்டால் மறுநாள் காலையில் அவள் வண்டி ஓடாது.

வண்டி என்றால் மின்சார ஸ்கூட்டர். சித்தி பாபநாசத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். எங்கள் ஊருக்கு வருகிற பஸ், பள்ளியில் மணி அடித்து முடித்த பிறகுதான் ஊருக்குள்ளேயே நுழையும். புது மருமகள் வேலைக்குப் போக வேண்டுமா என்று அப்பா முனகிக்கொண்டிருந்தார்.  சித்தப்பா ஒரு நாள் கும்பகோணத்துக்குப் போய் யாரோ வைத்திருந்த பழைய ஸ்கூட்டரை வாங்கி, மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதற்குச் சத்தமே கிடையாது. பின்னால் வருவது மாட்டுக்குக்கூடத் தெரியாது, நகராது. சித்தி இறங்கி மாட்டின் முதுகைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டு கடைத்தெரு வரை போவது எனக்கு வாய்த்த பெரிய அந்தஸ்து.

சிக்கல் சார்ஜ் போடுவதில் வந்தது. அது ஓயாமல் மின்வெட்டு இருந்த காலம். வீட்டில் கரண்ட் வந்தாலும் மின்விசிறி வேண்டா வெறுப்பாகத்தான் சுற்றும். போதாததற்கு, ஸ்கூட்டரை வயரில் மாட்டிய அடுத்த நிமிடம் அப்பா மீட்டருக்குக் கீழே போய் நின்றுகொள்வார். நாற்றங்காலில் ஆடு மேய்வதைப் பார்ப்பது மாதிரி அதையே பார்ப்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சித்தப்பாவின் புத்தி, கொல்லைக்குப் பின்னால் வயலில் இருந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிற்று. அங்கே மீட்டர் கிடையாது.

மோட்டாருக்கு வருகிற கரண்ட்டில் வீட்டுச் சாமான் ஓடாது, அதற்கு இன்னொரு வயர் வேண்டும் என்பார்கள். கரண்ட் வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு ஒன்று. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. திரும்பிப் போகிற வயருக்குப் பதிலாக மண்ணையே வைத்துக்கொள்வார்கள். ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து வயரை அதில் கட்டிவிட்டால் கொட்டகையில் பல்பு எரியும். எர்த்துக் கம்பி என்று பேர். நெல் விளைகிற மண்ணில் ஈரத்துக்கா பஞ்சம்? மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் திட்டிவிட்டுப் பிடுங்கச் சொல்வார்கள். அவர்கள் வண்டி தெரு திரும்பியதும் கம்பி மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

கொட்டகையில் பல்பு எரிய விட்ட வித்தையைச் சித்தப்பா வீட்டுக் கொல்லை வரைக்கும் நீட்டினார், அவ்வளவுதான். மூங்கில் நட்டு ஒற்றை வயரை இழுத்து வந்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கம்பியை அடித்தார். சுவிட்ச் எல்லாம் எதற்கு என்று வயரைச் சார்ஜர் வயரோடு நேராக முறுக்கி டேப் சுற்றினார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தெருவே வந்து பார்த்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை எலக்ட்ரீஷியனைப் பற்றி அந்தக் காலத்துப் பெரியவர்கள் எதுவும் சொல்லி வைக்காதது எங்கள் துரதிர்ஷ்டம்.

மண் காயக்கூடாது என்பது மட்டும் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. காய்ந்தால் சார்ஜ் ஏறாது என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். சார்ஜ் ஏறாமல் போவது மட்டுமல்ல, மண்ணுக்குள் போக வழியில்லாத கரண்ட் வயரிலும் சார்ஜரிலும் வண்டியின் இரும்பிலும் நின்றுகொண்டு, வேறு யார் வழியாகவாவது இறங்கப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்று வரை நான் கேட்டதில்லை.

பங்குனி மாதம். தாளடி அறுவடை முடிந்து வயலெல்லாம் உளுந்து. சித்தியின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்று அவள் திருக்கடையூருக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டாள். துணி துவைக்கிற ஆளும் அவள்தான், கம்பிக்கு ஊற்றுகிற ஆளும் அவள்தான். அம்மா வாசல் குழாயிலேயே வேலையை முடித்துக்கொண்டாள். கொல்லையில் ஒரு சொட்டு விழவில்லை. துவைகல்லைச் சுற்றி மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

சித்தி திரும்பி வந்த அன்று சாயங்காலம், வெயில் தாழாத நேரம். மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதால் அவள் வந்தவுடன் சித்தப்பா வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளித் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அறுபதாம் கல்யாணத்து லட்டைத் தின்றுகொண்டிருந்தேன். சித்தி முகம் கை கால் கழுவிக்கொண்டு, செருப்பில்லாமல் ஒரு வாளித் தண்ணீருடன் வந்தாள். கம்பி காய்ந்து கிடக்கிறதே என்று அவளுக்குத்தான் முதலில் தோன்றியிருக்கிறது. வாளி கனம். தண்ணீர் தளும்பி அவள் பாதத்தில் கொட்டியது. ஒரு நொடி நின்று, இடது கையை வண்டியின் பின்பக்கக் கம்பியில் ஊன்றினாள்.

கத்தவில்லை. கத்துவார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு முனகல் வந்தது. வாளி விழுந்தது. கை மட்டும் கம்பியை விடவில்லை. வளையல்கள் தாமாகவே கலகலவென்று ஆடின. எனக்கு வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்புறம் அவள் கண்ணைப் பார்த்தேன். என்னைப் பார்த்தபடி இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் வாயிலிருந்த லட்டை என்னால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அம்மா சாணிக் கையோடு ஓடி வந்தாள். சித்தியை இழுக்கக் கையை நீட்டிவிட்டாள். அப்போது சித்தப்பா குறுக்கே பாய்ந்து, இரண்டு கையாலும் அம்மாவை நெஞ்சில் தள்ளினார்.

"தொடாதீங்க அண்ணி" என்றார்.

அம்மா மல்லாக்க விழுந்தாள். அம்மாவுக்கு எதிரில் நாற்காலியில்கூட உட்காராத சித்தப்பா அவர். அவளைத் தள்ளினார் என்பதே என்னால் நம்ப முடியாததாக இருந்தது. அடுத்து அவர் செய்தது அதைவிட மோசம். சித்தியை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார். அவள் நிற்கிற பக்கம் இல்லை, வயல் பக்கம். கொல்லை வேலி முள்வேலி. அதை ஒரே தாவாகத் தாவி, வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிய, உளுந்துக்குள் விழுந்து எழுந்து ஓடினார்.

அம்மா எழுந்தாள். கொடியில் துணி காயப்போடுகிற மூங்கில் கம்பை உருவி, "அடி பாவி, விடுடி" என்று அழுதுகொண்டே தலைக்கு மேல் ஓங்கினாள். கம்பு மேலே இருக்கும்போதே சார்ஜரின் சிவப்பு விளக்கு அணைந்தது. சித்தி நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் கம்பு இறங்கியது. அது வண்டியின் சீட்டில் பட்டு, சீட் கிழிந்தது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். விளக்கு, சித்தி, கம்பு என்று இந்த வரிசையில்தான் பார்த்தேன். பார்த்ததற்கு அர்த்தம் என்ன என்பது மட்டும் என் தலைக்குள் ஏறவில்லை.

எதிர்வீட்டு வேனில் சித்தியைத் தூக்கிப் போட்டார்கள். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. வேன் கிளம்பப்போகிற நேரத்தில்தான் சித்தப்பா வந்தார். வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். அப்பா அத்தனை பேர் முன்னால் அவரை ஓங்கி அறைந்தார். "உன் ஓசி கரண்டு இன்னைக்கு ஒரு உசுர வாங்கிட்டா என்னடா பண்ணுவ?" என்றார். சித்தப்பா கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. வேனின் பின்பக்கம் ஏறி, சித்தியின் காலருகே குந்திக்கொண்டார். எனக்கு அந்த அறை போதவில்லை.

சித்தி பிழைத்து வந்தாள். இடது உள்ளங்கையில் கம்பியின் தடம் கறுப்பாக இருந்தது. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் பார்க்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா கதை சொன்னாள். கம்பை எடுத்தது, குலதெய்வத்தை நினைத்தது, கையில் ஒரே போடு போட்டது, கரண்ட் விட்டுவிட்டது. பொய் சொல்லவில்லை, அம்மா அதை நம்பினாள். ஒவ்வொரு தடவையும் கம்பு கொஞ்சம் தடித்துக்கொண்டே போயிற்று. கேட்டவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மூலையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்து ஓர் அத்தை, பொண்டாட்டி துடிக்கும்போது வேலி தாண்டிய வீரர் என்று சிரித்தாள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். கையில் என்ன என்று கேட்டதற்குக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றார்.

அது கதவிடுக்கு இல்லை என்பதைப் பல வருடம் கழித்து அப்பாதான் எனக்குச் சொன்னார். சித்தியை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு அந்த வயரை வெட்டி எறிய அவர் கொட்டகைக்குப் போயிருக்கிறார். மெயின் சுவிட்சை அணைத்தாலும் சார்ஜ் ஏற வேண்டும் என்று சித்தப்பா வயரைக் கொக்கி போட்டு சுவிட்சுக்கு முன்னாலேயே லைனில் மாட்டியிருந்தார். அணைக்க வழியே கிடையாது. பிடுங்கத்தான் வேண்டும். காய்ந்த குச்சி ஒன்றைத் தேடி எடுக்கிற வரை பொறுக்கிற நேரமா அது? வேலி தாண்டி ஓடிய சித்தப்பா அதை வெறும் கையால் பிடுங்கியிருக்கிறார். கொக்கியில் தோல் ஒட்டியிருந்தது என்று சொல்லும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அறைந்தேனே, ஏண்டா அப்பவே சொல்லவில்லை என்று பிறகு தம்பியைக் கேட்டாராம். "கம்பிய நட்டவனே நாந்தானண்ணே, புடுங்குனதையும் நானே சொல்லிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அண்ணி காப்பாற்றியதாகவே இருக்கட்டும் என்று போய்விட்டாராம். இருக்கட்டும் என்றால் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். அம்மா இன்றும் கம்புக் கதையைச் சொல்கிறாள். சித்தப்பா இன்றும் தலையாட்டுகிறார்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது, அவர் ஓடினார் என்பது மட்டும்தான். சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அது எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவுக்கு வலது கை கட்டுக்குள் இருந்தது. சித்திக்கு இடது கை. சித்தி தன் வலது கையால் ரசம் சாதத்தைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு ஓடினவருக்கு, விடப்பட்டவள் ஊட்டுகிறாள். அவர் வெட்கமில்லாமல் வாயைத் திறக்கிறார். சித்தி எனக்கும் ஓர் உருண்டை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சித்தப்பா, நீங்கதானே சித்திய விட்டுட்டு ஓடுனீங்க?" என்று கேட்டேன்.

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"ஆமாம் பாப்பா, ஓடுனேன்" என்றார்.

ஒரு பெரிய மனிதரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த உருண்டையை எடுத்தாள். அவள் கை நடுங்கி, சாதம் பாதி தட்டிலேயே விழுந்தது. ஷாக் இன்னும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.