விளக்கு வைத்த பிறகு ஒன்றுமில்லை

சுடுமணலில் மல்லாட்டை வறுபடும் வாசனை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. விழுப்புரம் போய்த் திரும்பி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அந்த வாசனை என் முந்தானையைப் பிடித்து இழுக்கும். நிற்பேன். வாங்க மாட்டேன். இப்போது பசி கிடையாது. வாரம் ஒரு ஊசி அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனாலும் நிற்பேன். அந்த வாசனைக்குள் அண்ணி இருக்கிறார். என் கணவரின் அக்கா. பதினோரு வருஷம் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்.

எடை குறையாமல் ஆபரேஷன் கிடையாது என்று முட்டி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் நான் படிகளில் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்க ஆரம்பித்திருந்தேன். சர்க்கரை வேறு. இந்த ஊசி போட்டால் பசி அடங்கும், உடம்பு இறங்கும் என்றார்கள். எங்கே போடுவது என்பதுதான் வீட்டில் பேச்சு.

திண்டிவனத்தில், செல்போன் கடைக்கு மேலே ஒரு கிளினிக். முட்டி வலிக்காரர்களை மாடி ஏறவைக்கும் கிளினிக். சுவர் நிறைய குண்டான படமும் ஒல்லியான படமும் ஜோடி ஜோடியாக. டாக்டர் போனில் வருவாராம். முன்னால் இருந்த பெண் எடை பார்த்தாள், உயரம் பார்த்தாள், "எப்ப ஆரம்பிக்கலாம் மேடம்?" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி இல்லை. அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

இன்னொருவர் விழுப்புரத்தில் சர்க்கரை டாக்டர். அவர் கேட்கிற ஆள். வீட்டில் யாருக்காவது தைராய்டில் கட்டி இருந்ததா, பித்தப்பையில் கல் உண்டா, என்னென்ன மாத்திரை. கடைசியில், "ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குன்னு எழுதிட்டு வாங்க" என்றார். "சர்க்கரை மாத்திரையும் எடுக்கறீங்க. ஊசி பசிய நிறுத்திடும். எப்ப சாப்பிடறீங்கன்னு தெரியாம நான் மருந்து கொடுத்தா, சர்க்கரை இறங்கி எங்கயாவது மயங்கி விழுந்துடுவீங்க."

நாங்கள் சமண வீடு. விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிடுவோம். கிழங்கு கிடையாது. "இவ்ளோ கட்டுப்பாடா சாப்ட்டுமா இப்படி?" என்று கல்யாண வீடுகளில் என் இலையை எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க நான் குறைத்து வாங்கக் கற்றேன். பகலில் பசிக்கவே வெட்கம். வெட்கம் தூங்கியதும் பசி எழுந்துகொள்ளும். சமையல்கட்டின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே மல்லாட்டை உருண்டை. இருட்டில் நின்றபடியே நாலு, அஞ்சு. வெல்லப்பாகு பல்லில் ஒட்டிக்கொண்டு விடியும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கும். அந்த டப்பா ஏன் காலியாவதே இல்லை என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. திருடித் தின்கிறவளுக்கு எண்ணிப் பார்க்கப் பயம்.

அண்ணி விரதக்காரர். பொழுது சாய்ந்தால் ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்காது. டாக்டர் கேட்ட தாளுக்கு அவரேதான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நான் எழுதினேன்: மாலை ஐந்தே முக்கால், இரண்டு இட்லி. விளக்கு வைத்த பிறகு ஒன்றுமில்லை. ஏழு நாளும் அதே வரி. முதல் நாள் கை கூசியது. ஏழாம் நாள் கூசவில்லை. பயந்தது அப்போதுதான்.

"ஊசி ஒண்ணுதான? இங்கியே போட்டுக்கோ" என்றார் என் கணவர். "விழுப்புரத்துக்குப் போய்க்கினு வந்துக்கினு, பேஜாரு."

"உன்ன யாருடா கேட்டா?" என்றார் அண்ணி. "கேள்வி கேக்கறவன் டாக்டரு. கேக்காதவன் கடக்காரன்."

அண்ணியோடுதான் விழுப்புரம் போனேன். டாக்டர் என் தாளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே ஆளோடதாம்மா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய கணையப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க."

"அப்ப இன்னைக்கு ஊசி இல்ல. இன்னும் ஒரு வாரம் எழுதுங்க. எனக்காக எழுதாதீங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அண்ணி அங்கிருந்தே வானூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஒரு மாசம் இருந்துவிட்டு வருவதாகத் துணிப்பையோடு வந்திருந்தார். வெயில் தகரக் கூரைமேல் உட்கார்ந்து எங்களை அழுத்தியது.

"நான் திண்டிவனத்துலயே போட்டுக்கறேன் அண்ணி. அங்க இப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க."

அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டார். பாண்டி பஸ் வந்து உறுமியது. "கோலியனூர், கண்டமங்கலம், பாண்டி! ஜல்தி ஏறும்மா!" கண்டக்டர் பையை வாங்கி உள்ளே வைத்தார். அண்ணி ஒரு படி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இருபதே நாளில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விடப்போகிறார் என்று அந்த முகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கோபம்கூட இல்லை. கீரை ஆயும்போது இருக்கிற அதே முகம்.

"அந்த டப்பாவ இத்தினி வருசமா யாரு ரொப்பிக்கினு இருந்தான்னு நெனச்ச?" என்றார். "எல முன்னாடி இருந்து நீ பசியோட எந்திரிக்கறத என்னால பாக்க முடியலம்மா. அந்தத் திண்டிவனத்துக் கடைக்குப் போவாத. இந்த டாக்டருகிட்டயே வா. உள்ளத எழுது. ரொப்பினது நாந்தான்னு அதையும் சேத்து எழுது."