மாமியாரை எந்தப் பக்கம் வரைவது?

புற்றுநோய் மருத்துவமனையில் யார் யாருக்கு என்ன நோய் என்று குடும்ப வரலாறு கேட்டு, வட்டமும் கோடுமாக வம்சப் படம் வரைவது, அடுத்தவர் அடுக்களைக்குள் செருப்போடு நுழைகிற மாதிரியான வேலை. நாகர்கோவிலில் நான் அதைத்தான் செய்கிறேன். அதற்கு முன் பல வருடங்கள் அங்கேயே லேப்பில் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்துச் சீவிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டுக்காக என்றைக்காவது ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கதம்பம்

பகவதி தோவாளைக்காரி. பூ வியாபாரம். நாற்பதை இப்போதுதான் தாண்டியிருந்தாள். மார்பில் கட்டி. அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். டாக்டர் ஜெபா மறுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பை அவளுக்காகத் திருப்பி வைத்தார்.

சாயம் ஏறிய ஸ்லைடில் இளஞ்சிவப்புக்கு நடுவே ஊதாப் புள்ளிகள். ஒழுங்காக வட்டம் கட்டி நிற்க வேண்டிய செல்கள் வரிசை கலைந்து நெருக்கியடித்து நின்றன. இத்தனை காலம் பார்த்தும் எனக்கு முதலில் அழகுதான் கண்ணில் படும், பயம் அதற்குப் பிறகுதான். ஒருவருடைய நோயை இப்படி ரசிக்கலாமா என்ற உறுத்தல் போனதே இல்லை. பகவதி கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “கட்டி வச்ச கதம்பம் மாதிரில்லா இருக்கு! இதுவா சார் என்னைக் கொல்ல வந்திருக்கு?”

டாக்டரின் கேள்வி

அவள் போனதும் டாக்டரிடம் கேட்டேன், இவளுக்கு ஏன் வந்தது என்று. அவர் விளக்கினார்: செல் பிரியும் ஒவ்வொரு முறையும் தனக்குள் எழுதியிருப்பதை எல்லாம் படியெடுக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகள், பிழை விழத்தான் செய்யும். பிழை திருத்த ஜீன்கள் உண்டு. வளர்ச்சியை நிறுத்தும் ஜீன்கள் உண்டு. திருத்தவே முடியாவிட்டால் செல் தானாகச் செத்துப்போகவும் ஏற்பாடு உண்டு. இந்தக் காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானால்தான் கட்டி.

இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனாலும் டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கையையே அன்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த நிமிடமும் எத்தனை திருத்தம் நடந்துகொண்டிருக்கும்! டாக்டர் சொன்னார்: “ஏன் வந்துதுன்னு கேக்காதீங்க அண்ணாச்சி. இத்தனை தடவை பிரிஞ்சும் நமக்கு வராம இருக்கே, அதைக் கேளுங்க.”

அம்மை வழி

பிழை திருத்தும் ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வரும். சிலருக்குப் பிறக்கும்போதே அதில் ஒன்று பழுது. மிச்சம் இருப்பதும் ஏதாவது ஒரு செல்லில் கெட்டால் அங்கே காவலே இல்லை. இளவயதில் கட்டி வந்தால் இப்படி இருக்குமோ என்று சந்தேகிப்போம். பகவதிக்குக் கல்யாணம் நிச்சயமான மகள் இருந்தாள், அனிதா. அவளுக்கும் அந்தப் பழுது போயிருக்குமா என்பதுதான் கேள்வி.

“எங்க அம்மை வழியில ஒருத்திக்கும் கிடையாது” என்றாள் பகவதி. அப்பா வழி? “ஆம்பிளைக்கு மாருல என்ன சார் வரும்?” ஆணுக்கும் வரும், வராவிட்டாலும் மகளுக்குக் கடத்துவான் என்று விளக்கினேன். அப்பாவுக்கு உடன்பிறந்த பெண்கள் உண்டா என்று கேட்டதும், பக்கத்தில் பையை மடியில் வைத்திருந்த மாமியாரைக் காட்டினாள். சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருந்தாள். படத்தில் கணவன் பக்கம் மாமியாருக்காக வரைந்திருந்த வட்டத்தை அவளுடைய அப்பா பக்கத்தோடு ஒரு கோடு வளைத்துச் சேர்த்தேன். மாமியார் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு சொன்னார்: “எனக்கு ஒரு கேடும் இல்ல. அப்படியே எழுதிக்கோ தம்பி.”

தனியாக வந்தவர்

அடுத்த வாரம் மாமியார் மட்டும் வந்தார். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்களாம். ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரும் இப்போது இல்லை. ஜாக்கெட்டுக்குள் துணி வைத்துத் தைத்தே ஒரு வாழ்க்கையைக் கடத்தியிருக்கிறார்.

“பேத்திக்கும் இருக்குமா?” என்று கேட்டார். பகவதிக்கு இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, உங்கள் மகன் வழியாகவும் வரலாம், ஆனால் பழுது இருந்தாலே நோய் வந்துவிடும் என்றில்லை, தெரிந்தால் அடிக்கடி பரிசோதித்து முதலிலேயே பிடிக்கலாம் என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது. என் அப்பாவின் அக்கா எதனால் இறந்தார் என்று நானே யாரையும் கேட்டதில்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும் மக்கா. சொல்லாம இருந்தா என் பேத்தி மூச்சே நின்னுருமே. நானே வீட்டுல சொல்லுகேன்.”

அனிதா

சொன்னபடியே அவர் வீட்டில் சொல்லிவிட்டார்; பகவதியும் அனிதாவும் ரத்தம் கொடுத்தார்கள். பகவதிக்கு அந்தப் பழுது இருந்தது. அனிதாவுக்கும் இருந்தது. ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாமியாரின், அதாவது அனிதாவுடைய ஆச்சியின், உடம்பில் துணி வைத்து மறைத்தபோதும் அது மறையாமல், அவருக்கும் அவர் அண்ணனான பகவதியின் அப்பாவுக்கும் பொதுவாய் இருந்து, தலைமுறை தாண்டி இந்தப் பெண்ணிடம் வந்து நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

அவள் அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவள் எந்தெந்தப் பரிசோதனை, எந்த வயதிலிருந்து என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். மாப்பிள்ளையிடம் சொல்வாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ரத்தம் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். அவன் என்ன சொன்னான்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அனிதா சிரித்தாள்: “‘எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் சுகர், அதை ஒளிச்சுதான் பொண்ணு பாக்க வந்தோம், அதையும் அந்த சார்கிட்ட வரையச் சொல்லு’ன்னான்.”

செல்லுக்குள் மாறிப்போன ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் ரத்தம் போதுகிறது, நம் வீடுகளில் அதைப் பற்றி வாயைத் திறக்க வைக்கத்தான் இன்னும் ஒரு டெஸ்டும் வரவில்லை.