ரேணுகாம்பாளுக்கு வந்த கோடிப் புடவை

அடி அண்ணாமலையில் பௌர்ணமிதோறும் இட்லிக்கடை போடுகிற ரேணுகாம்பாளை ஓர் இடத்தில் உட்கார வைக்க அந்த அண்ணாமலையாராலும் ஆகாது என்பார்கள். கால் எலும்பில் விரிசல் விழுந்து மாவுக்கட்டுப் போட்டபோதுதான் அம்மணி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததே வினையாகப் போயிற்று. கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் கெண்டைக்கால் வீங்கியது. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது.

கணவன் சுப்பிரமணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, சின்னக் குழாய் ஒன்றை அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் மதிவதனி இருதயம், பிரஷர், ஆக்சிஜன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆபத்து கம்மிம்மா. அட்மிஷன் வேணாம். மாத்திரைய வேளை தவறாம போட்டுக்குங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். மூச்சு வாங்குவது ஜாஸ்தியானாலோ, மயக்கம் வந்தாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ உடனே வரவேண்டும், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, நாளைக் காலையில் நானே போன் செய்து விசாரிப்பேன் என்றும் சொன்னார்.

ரேணுகாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சுப்பிரமணியின் மண்டையில் ஏறியது, நுரையீரலில் ரத்தக்கட்டி, வீட்டுக்குப் போகலாம், இந்த இரண்டுதான். நம் பக்கத்தில் பெரிய வியாதிக்காரரை ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம். கைவிரித்துவிட்டார்கள்! பாவி மனுஷன், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஆட்டோ ஸ்டாண்டு ஓரமாக நின்று சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டான். மச்சான் தசரதனுக்கும் போட்டான்.

தசரதன் ரேணுகாம்பாளின் ஒரே அண்ணன். செங்கத்தில் இருக்கிறார். தங்கை மகள் கீர்த்தனாவின் மஞ்சள் நீராட்டுக்குச் சீர்த்தட்டோடு அவர் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. நல்ல நேரம் தப்புகிறதே என்று, தாய்மாமன் வருவதற்குள் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, "இனிமே உன் சாவுக்குத்தான் இந்தப் படிய மிதிப்பேன்" என்று திரும்பிப் போனவர்தான். சரியான வீம்புக்காரர். இப்போது கீர்த்தனா காலேஜே முடித்துவிட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ரேணுகாம்பாள் அண்ணன் வருகிறாரா என்று தெருவைப் பார்த்துப் பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை, சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வீடு கொள்ளாத கூட்டம். சாகக் கிடக்கிறவள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரிக்கு வாயைத் திறந்த சின்ன மாமியார் திறந்தபடியே நின்றாள். அந்த நேரம் பார்த்து டாக்டரின் போன். மாத்திரை போட்டாயிற்றா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, படுத்தே கிடக்காமல் மெதுவாக நடக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள். திருதிருவென்று முழித்த சுப்பிரமணியைப் பார்த்து வீடே சிரித்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவனே இட்லி பரிமாற வேண்டியதாயிற்று.

தசரதன் அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தார். அக்குளில் ஒரு துணிக்கடைப் பை. படியேறி உள்ளே வந்து, அடுப்படியில் நிற்கும் தங்கையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடி, சொன்ன சொல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

ரேணுகாம்பாள் விடுவாளா? நொண்டிக்கொண்டே போய்ப் பையைப் பிடுங்கினாள். உள்ளே கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட புடவை. தங்கை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவருவது அண்ணன் கடமை. கடை திறக்கக் காத்திருந்து, சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடித்த நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறார் மனுஷன். அவளுக்கு நெஞ்சை அடைத்தது. இது ரத்தக்கட்டி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"சாவுக்குத்தான் வருவேன்னு சொன்ன, வந்துட்ட. உன் சொல்லு நெறவேறிப்போச்சு. இனிமே சும்மா வந்து போண்ணா" என்றாள்.

தசரதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைக் கொண்டுவா என்பதுபோல் கையைக் காட்டினார். அவள் புடவை முனையில் மஞ்சள் தடவி, அப்போதே உடுத்திக்கொண்டு வந்து பரிமாறினாள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கடை போட்டாள். மாத்திரை வேளை தவறவில்லை. அண்ணன்தான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கிரிவலம் வந்த ஒரு அம்மா, புடவை ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே எடுத்தது என்று கேட்டாள்.

"என் சாவுக்கு எங்கண்ணன் எடுத்ததுங்க" என்றாள் ரேணுகாம்பாள், முகமெல்லாம் பல்லாக.