டோரத்தி மிஸ்ஸின் முட்டை போடாத கேக்

ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரியாக்கினேன். ஒரு நண்பனுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தேன். இரண்டையும் ஒரே பேச்சில் செய்தேன், அதுவும் சிரித்துக்கொண்டே. போன வாரம் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் வந்தது. "எக்லெஸ், தாத்தா! பாருங்க" என்று பெட்டியின் மேலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினாள். முட்டைக்குப் பயப்படுகிற ஆளில்லை நான், திருச்சி உறையூரில் முட்டை தின்று வளர்ந்தவன். ஆனாலும் அந்தத் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். பெரிய கடைவீதியில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையில் டோரத்தி மிஸ் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்தினார். பொன்மலை ஆங்கிலோ இந்தியர். கணவர் ரயில் இன்ஜின் டிரைவராக இருந்து இறந்துபோனவர். பூப்போட்ட கவுனும் கையில் குடையுமாக அவர் கடைவீதியில் நடந்து வந்தால் மண்டி ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வழிவிடுவார்கள். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் படித்தோம். மொழியோடு சேர்த்து இங்கிலாந்தையும் அவர் கற்றுக்கொடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் அப்போதும் மதராசில் இருந்தன. நேர்காணலுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கும் உட்கார வைத்து, ஆள் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்ப்பார்களாம்.

கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே வகுப்பே தும்மும். ஒருவர் தும்மினால் இன்னொருவர் 'காட் ப்ளெஸ் யூ' சொல்ல வேண்டும் என்பது மிஸ் கற்றுக்கொடுத்த முதல் பாடம். எங்களுக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே ஆங்கிலம் அதுதான். சித்திரை வெயிலில் நாங்கள் நோட்டால் விசிறிக்கொண்டிருக்க, அவர் கரும்பலகையில் கணப்பு அடுப்பை வரைந்து, அதைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்து குளிர்காய்கிற அழகைச் சொல்வார். டீயைச் சாஸரில் ஊற்றிக் குடிக்கக் கூடாது. எங்கே போகிறாய், என்ன சம்பளம் என்று யாரையும் கேட்கக் கூடாது. பேச எதுவும் இல்லையென்றால் வானிலையைப் பற்றிப் பேசலாம். நான் இதை என் மாமாவிடம் முயன்று பார்த்தேன். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்ல மாமா?" என்றேன். "திருச்சியில இருந்துகிட்டு இத ஒரு சேதின்னு சொல்ல வந்துட்டியா?" என்றார் அவர். இத்தனைக்கும் மிஸ் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. அவர் கண்ட கடல் மெரினாதான். அது எங்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பில் கெட்டிக்காரன் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கம் உத்திரவீதி, கோயிலில் பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் அப்பாவோடு நிற்பவன். நெற்றியில் திருமண்ணோடு முள்கரண்டியைப் பிடித்து இட்லியை நறுக்கப் பழகுவான். சிந்தாமல் நறுக்கவும் செய்வான். மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் இருவருமே விண்ணப்பித்தோம். நேர்காணலுக்கு அவனை மட்டும் கூப்பிட்டார்கள். நான் கைகுலுக்கினேன். உள்ளே எரிந்தது.

அவன் மதராசுக்குப் போகும் முன் மிஸ் வகுப்பிலேயே ஓர் ஆங்கிலேய டீ விருந்து வைத்தார். மேசை விரிப்பு, பீங்கான் கோப்பை, எல்லாம் அவர் வீட்டிலிருந்து வந்தன. நான் முன்கூட்டியே போய் நாற்காலி போட்டேன். இரண்டு கேக் இருந்தன. சின்னதைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது நம்ம சௌந்தருக்கு, மேன். முட்டை போடலே, தயிர் ஊத்தி செஞ்சேன். மொதல்ல செஞ்சது கல்லு மாதிரி வந்துச்சு, எங்க வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. இதுதான் சரியா வந்துச்சு. ஆசாரமான பையன், இல்லே?"

சௌந்தரும் முட்டை இல்லை என்று மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டான். கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டான்.

வகுப்பு முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாக நடந்தோம். அவன் பஸ் படியில் கால் வைத்தபோது சொன்னேன்: "ஏன்டா, முட்டை இல்லாம கேக்கு அப்படி உப்பி வருமா? மிஸ்ஸு உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க. நான் வந்தப்பவே மேசையில முட்டை ஓடு கெடந்துச்சு."

"வெளையாடாதடா."

"சத்தியமா."

அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தேன். பஸ் கிளம்பிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான். எங்கள் ஆசாரம் தெரிந்தும் இப்படிச் செய்யலாமா என்று மிஸ்ஸைக் கேட்டான். கோபத்திலும் இலக்கணம் பிசகாத ஆங்கிலம், அவர் கொடுத்த ஆங்கிலம். "தயிர்தான் போட்டேன், மை பாய்" என்றார் மிஸ். அவன் நம்பவில்லை. மிஸ் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நான்தானே. நான் ஜன்னல் வழியாக மண்டித் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. பாடத்தைத் தொடர்ந்தார். அன்று யாராவது தும்மினார்களா என்று நினைவில்லை.

சௌந்தரின் அப்பா வகுப்பை நிறுத்தினார், மதராஸ் பயணத்தையும் நிறுத்தினார். பஞ்சகவ்யம் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்வித்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது நேர்காணல் நாள் இன்னும் தாண்டவில்லை. ஒரு பஸ் பிடித்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்த வருஷமே வகுப்பும் நின்றுபோனது.

மார்கழியில் ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் போனேன். கோஷ்டி பாசுரம் சேவித்துக்கொண்டு போனது. சௌந்தர் அதில் இல்லை. தூணோரமாக நின்றிருந்தான்.

"ஏன்டா தனியா நிக்கிறே?"

"பிராயச்சித்தம் ஆயிடுத்து, வரலாம்னுதான் சொல்றா. நேக்குத்தான் வாயத் தொறந்தா நாக்கு கூசறது."

அங்கேயே சொன்னேன். முட்டையும் இல்லை, ஓடும் இல்லை, பொறாமையில் சொன்ன பொய் என்று. அடிப்பான் என்று நினைத்தேன். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாசல்ல நின்னுண்டு மிஸ்ஸ நான் கேட்ட கேள்விடா... இப்பவே வா."

பொன்மலைக்குப் போனோம். மிஸ்ஸின் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. வாசலில் புதிதாகக் கோலம். "அந்தம்மா எல்லாத்தையும் வித்துட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறி ஒரு மாசம் ஆச்சுங்களே" என்றார் அந்த வீட்டுக்காரர். முகவரி யாரிடமும் இல்லை.

திரும்பி வர பஸ் வந்தது. "நீ இதுல போ. நான் அடுத்ததுல வரேன்" என்றான் சௌந்தர். ஏறிக்கொண்டேன்.

மறுநாளே அவன் கோஷ்டியில் போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன். என்னோடு மட்டும் பிறகு பேசவில்லை. எங்காவது எதிர்ப்பட்டால் தலையசைப்பான், அவ்வளவுதான். பொன்மலையிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன; மண்டி இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. சௌந்தர் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றான். அவனும் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவனிடம் படித்த பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். பாடத்தில் கிறிஸ்துமஸ் வரும்போதெல்லாம் சார் ஒரு கதை சொல்வாராம். ஆசாரமான ஒரு மாணவனுக்காக ஒரு மிஸ் முட்டையில்லாமல் கேக் செய்து கொடுத்தாராம். அதைப் போல ஒன்றை அவன் பிறகு சாப்பிட்டதே இல்லையாம்.

"அதோட கதை முடிஞ்சிடுமா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், அவ்வளவுதான் சொல்வாரு" என்றான் பையன்.