மகரந்தம் இல்லாத தேன்

பாடாங் மேஹா பக்கம் ரப்பர் பால்மரத் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சோதனைக்குத் தந்த தேன் அது. எந்தப் பூவின் தேன் என்பதை அதிலுள்ள மகரந்தம் காட்டிக்கொடுக்கும். கூலிம் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் எவ்வளவு தேடியும் பால்மரப் பூவின் மகரந்தம் கண்ணில் படவில்லை.

"சீனிப்பாகு லா இது. கலப்படம்னு எழுதி அனுப்பிடு," என்றார் என்னோடு வேலை செய்யும் அக்கா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சர்க்கரைச் சோதனையில் பாகு கலந்த அடையாளமே இல்லை. காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன்.

மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விட்டிருந்தன. கழுத்து வலிக்கப் பூங்கொத்துகளைப் பார்த்து நின்றேன். தேனீக்கள் பூவைச் சட்டை செய்யவே இல்லை. தாழ்ந்த கிளையொன்றை வளைத்துப் பார்த்தேன். ஒரே காம்பில் மூன்று இலைகள் சேரும் இடத்தில் ஒரு துளி மின்னியது. நாக்கில் வைத்தால் இனித்தது. தேன் இலையில் ஊறினால் மகரந்தம் எங்கிருந்து வரும்?

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "எதையும் எழுதாதீங்கக்கா. இலையோட வரேன், இதையும் சோதிச்சுப் பார்ப்போம்."

என் அம்மா இதே மரங்களில் பால் வெட்டியவர். மரத்தில் வெட்டிய கோடும், அதன் கீழே பால் வடியும் மங்குக் கிண்ணமும்தான் எங்களுக்குப் பால்மரம். அதற்கு மேலே எங்கள் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.